மடக்கு கொசுவலை ரிவ்யூ: பேட்டு, லிக்விட், காயில் எல்லாம் பாத்து வெறுத்துப்போன வீட்டுலேர்ந்து

மொதல்லயே சொல்லிடுறேன், இது கடிக்கான ரிவ்யூ இல்ல, சத்தத்துக்கான ரிவ்யூ. கடிச்சா சொறிஞ்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிடுற ஆளு நான். ஆனா லைட்ட அணைச்சு கண்ண மூடி, தூக்கம் இப்பதான் பிடிக்குதுங்குற நேரம் பாத்து காதுகிட்ட வந்து ஙொய்ய்ய்ங்னு ஒண்ணு ஆரம்பிச்சா அவ்ளோதான், அது கடிச்சுட்டுப் போயிட்டாக்கூட பரவால்ல, கடிக்காம சுத்துது பாருங்க, எப்ப உக்காரும் எங்க உக்காரும்னு காத்துட்டு கெடக்குறதுலயே மணி மூணாயிடும். அதனால இந்த மடக்கு கொசுவலைக்கு நான் குடுக்குற அஞ்சுக்கு நாலு ஸ்டாரும் ஒரே ஒரு கேள்விக்குத்தான், ராத்திரி காதுகிட்ட சத்தம் வருதா இல்லையா. மத்ததுக்கெல்லாம் தனியா திட்டும் இருக்கு, பாராட்டும் இருக்கு, கீழ எழுதுறேன்.

வீடு வேளச்சேரி பக்கம், கிரவுண்ட் ஃப்ளோர், வாடகை. ஜன்னலத் தொறந்தா காம்பவுண்டு செவுரு, செவுத்துக்கு அந்தப் பக்கம் கால்வா. பேருதான் மழைநீர் கால்வா, வருஷத்துல பத்து மாசம் அதுல ஓடுறது என்னன்னு மூக்கே சொல்லும், ஓடுறதுன்னு சொல்றதும் தப்பு, நிக்குது. இந்த மாதிரி அழுக்குத் தண்ணி, செப்டிக் டேங்க், சாக்கடை இதுலதான் ராத்திரி கடிக்கிற கியூலெக்ஸ் கொசு முட்ட போடும், ஒரு தடவைக்கு நூறு இருநூறு முட்டைய சின்ன படகு கணக்கா ஒட்டி மெதக்க விட்டுட்டுப் போயிடும், நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல அது அத்தனையும் கொசுவாகி ரெக்கைய விரிச்சுடும். மழை கொட்டுறப்பக்கூட தண்ணி அடிச்சிட்டுப் போறதால கொஞ்சம் கம்மியா இருக்கு, மழை விட்டு தை மாசி வந்தா பாருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு கதவத் தொறந்து வெச்சவன் செத்தான். அரை மணி நேரம்தான், அதுக்குள்ள கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்குற துணியில, பீரோ இடுக்குலன்னு எல்லாம் போய் செட்டில் ஆயிடும், ஆயிட்டு நாம லைட்ட அணைக்கிற வரைக்கும் ஒண்ணு வாயத் தொறக்காது.

ஏன் கரெக்டா காதுக்கே வருதுன்னு எங்க வீட்டுல பெரிய சண்டையே நடந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் "உனக்கு மட்டும்தான் கேக்குது, உன் காதுலதான் ஏதோ பிரச்னை"ம்பார். விஷயம் அது இல்ல. கொசு நம்மள கண்டுபிடிக்கிறதே நாம விடுற மூச்ச வெச்சுதான், கார்பன் டை ஆக்சைடு எங்கேர்ந்து வருதோ அந்தத் திசையில வரும், கிட்ட வந்ததும் ஒடம்புச் சூடு, வேர்வ வாசம் இதையெல்லாம் பிடிச்சுக்கும். மூச்சு வர்றது மூஞ்சிலேர்ந்து, காது அதுக்குப் பக்கத்துல இருக்கு, போர்வைய வேற கழுத்து வரைக்கும் இழுத்துட்டோம்னா வெளிய மிச்சம் இருக்குறது தல மட்டும்தான். ரெக்க ஒரு செகண்டுக்கு சில நூறு தடவ அடிக்குது, அதான் அந்த சத்தம். சத்தமும் ரொம்ப சின்னது, ரூமுக்கு அந்தக் கோடியில பறந்தா கேக்காது, கால்கிட்ட பறந்தாக்கூட கேக்காது, காதுகிட்ட வந்தாத்தான் கேக்கும். அதனால பத்து கொசு கால்ல கடிச்சிட்டுப் போனது தெரியாமலேயே போயிடும், காதுக்கு வந்த ஒத்த கொசுதான் நம்ம கணக்குல ஏறும். அவரு குப்புறப்படுத்து தலகாணிக்குள்ள மூஞ்சப் பொதச்சிக்கிறவர், நான் மல்லாந்து படுக்குறவ, வித்தியாசம் அவ்ளோதான்.

இன்னொண்ணு தெரியுமா, அந்தப் பாட்டு நமக்காகப் பாடுறதே இல்ல. ரத்தம் குடிக்க வர்றது பொம்பளக் கொசு மட்டும்தான், முட்டைக்காக. ஆம்பளக் கொசு பூந்தேன் குடிச்சிட்டு செவனேன்னு கெடக்குது, அது பொண்ணக் கண்டுபிடிக்கிறதே இந்த ரெக்க சத்தத்த வெச்சுதானாம். 2009ல அமெரிக்காவுல டெங்கு கொசுவ வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஆணும் பெண்ணும் பக்கத்துல பறந்தா ரெண்டும் ரெக்க வேகத்த மாத்தி மாத்தி ஒரே சுதிக்கு வந்துடுதுன்னு. படிச்சப்ப ரசிச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரசிக்க முடியல.

சரி, வலைக்கு முன்னாடி வீட்டுல என்னென்ன இருந்துச்சுன்னு சொன்னாத்தான் வலையோட அருமை புரியும்.

பேட். அத வாங்காத வீடு மெட்ராஸ்ல இருக்கா என்ன. உள்ள பேட்டரி, அதுலேர்ந்து வோல்டேஜ ஆயிரக்கணக்குல ஏத்தி ரெண்டு மூணு அடுக்கு கம்பி வலையில விடுறாங்க, நடுவுல கொசு சிக்குனா டப். சாயங்காலம் ஹால்ல உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டே அடிக்க அருமையான சாமான், அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா தூங்குறதுக்கு இது எப்படி உதவும் சொல்லுங்க? பேட்டு வேல செய்யணும்னா நான் முழிச்சிருக்கணும். சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, தலகாணிக்குக் கீழ கைவிட்டுத் துழாவி, பட்டன அமுக்கி இருட்டுல வீசுனா கொசு மேல பட்டா டப்பு, பக்கத்துல படுத்திருக்குறவர் மூக்கு மேல பட்டா வேற டப்பு. லைட்டப் போட்டா கொசு போய் எங்கயோ ஒட்டிக்குது, பையன் முழிச்சுக்கிறான், அவனுக்கு விளையாட்டு, "நானு நானு"ன்னு பேட்டப் பிடுங்குறான். ஒருவழியா அடிச்சு முடிச்சு அந்தக் கருகல் வாடையோட திரும்பிப் படுத்தா தூக்கம் எங்க இருக்கு? தெளிஞ்சு போயிடுது. அதுலயும் அந்த சார்ஜ் பண்ற பின்னு இருக்கே, அடியில மடக்கி வெச்சிருப்பான், நாலு மாசத்துல ஆடும், ஆறு மாசத்துல உள்ள போயிடும், அப்புறம் பேட்ட பிளக்குல சொருகி ஒரு ஆள் பிடிச்சுட்டு நிக்கணும். பேட்டுங்குறது வேட்டைக்கு. தூக்கத்துக்கு இல்ல.

லிக்விட் கத வேற. அதுல பெரும்பாலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின்னு ஒரு மருந்து இருக்கும், திரிய சூடாக்கி காத்துல விடுது. சாயங்காலமே ஜன்னலச் சாத்தி, படுக்குறதுக்கு அர மணி நேரம் முன்னாடி போட்டு வெச்சா கொசு கொறையுறது நெசம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்டுல ஜன்னல மூடுனா மே மாசத்துல யாரும் உசுரோட இருக்க முடியாது, தொறந்து வெச்சா மருந்து கால்வாக்குப் போயிடுது. அதோட இந்த மருந்து சேந்த பைரித்ராய்டுங்குற வகை மருந்துக்கெல்லாம் கொசுங்க பல ஊர்லயும் பழகிப்போச்சு, சாகுறதில்ல. எங்க வீட்டுல நடக்குறது என்னன்னா கொசு சாகாது, ஓடாது, பாதி மயக்கத்துல தாழ்வா பறந்துட்டு இருக்கும், கடிக்கத் தெம்பில்லாம ஙொய் ஙொய்னு காதையே சுத்தும். கடிக்கு லிக்விட் ஓரளவுக்கு சரி, சத்தத்துக்கு சில நாள் லிக்விட் போடாததே மேல்னு தோணும்.

காயில் பத்தி நீட்ட விரும்பல. பையனுக்கு இழுப்பு வர்ற ஒடம்பு. மூடுன ரூம்ல ஒரு காயில் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், 75லேர்ந்து 137 சிகரெட் வரைக்கும் புடிச்சதுக்குச் சமம்னு 2003லயே கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. அந்தப் பேக்கெட் அன்னைக்கே வெளிய போச்சு. இப்ப தெருக்கடையில எல்லாம் விக்கிற பேரு ஊரு இல்லாத கொசு ஊதுபத்தி இன்னும் மோசம், அதுல என்ன மருந்து கலக்குறான்னு பாக்கெட்லயே இருக்காது. கொளுத்துனா கொசு பொத்து பொத்துன்னு விழுதுன்னு எதிர் வீட்டு அக்கா பெருமையா சொல்றாங்க, விழுறதப் பாத்துதான் எனக்குப் பயம்.

அப்புறம் அந்த அல்ட்ராசோனிக். பிளக்குல சொருகுனா நமக்குக் கேக்காத சத்தம் போட்டு கொசுவ விரட்டுதாம். தயவுசெஞ்சு காசப் போடாதீங்க. வேற வேற ஊர்ல நடந்த பத்து களச் சோதனைய ஒண்ணா வெச்சுப் பாத்து 2007லயே முடிவு சொல்லிட்டாங்க, கொசு எறங்குறது கொஞ்சம்கூடக் கொறையலன்னு. எங்க வீட்டுல இருந்தது நீலக் கலர் லைட்டோட வரும், அது நைட் லாம்பா நல்லாத்தான் எரிஞ்சுது, ஒருநாள் அது மேலயே ஒரு கொசு உக்காந்திருந்ததப் பையன் காட்டுனான். ரிட்டர்ன் போட்டா பத்து நாள் தாண்டிருச்சுன்னுட்டாங்க.

இந்த நெலமையிலதான் மாமியார் கும்பகோணத்துலேர்ந்து வந்தாங்க. வந்த மொத ராத்திரி நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பேட்டோட அலையறதப் பாத்துட்டு, "ஏம்மா, ராத்திரி பூரா இப்புடி ஆடுறதுக்கு ஒரு வலையக் கட்டிப்புட்டுப் படுக்கலாம்ல"ன்னாங்க. நான் "அத்தை, வலைன்னா வேக்காடு, காத்தே வராது"ன்னேன். "எங்க ஊர்ல வலை இல்லாத கட்டிலே கெடையாது, நாங்கள்லாம் வெந்தா போயிட்டோம்?" கும்பகோணம் பக்கம் அந்தக் காலத்துல யானைக்கால் நோய்க்குப் பேர்போன இடம், அதையும் பரப்புறது இதே சாக்கடைக் கொசுதான், அதனால அந்தத் தலைமுறைக்கு கொசுங்குறது தூக்கத்துக்கு வந்த தொல்லை மட்டும் இல்ல, காலுக்கே வந்த வினை. ராத்திரி ரத்தம் எடுக்க வர்றவங்களப் பத்தி, வீடு வீடா வந்து அவங்க கண்ணு முன்னாடியே முழுங்கச் சொல்லி மாத்திரை குடுத்ததப் பத்தி அத்தை சொன்னா கேட்டுட்டே இருக்கலாம். அந்தக் கிருமி ராத்திரி நேரத்துலதான் ரத்தத்துல மேல வருமாம், அதனாலதான் ராத்திரி வந்து ஊசி குத்தி எடுத்திருக்காங்க. அத்தைக்கு வேணும்னது நாலு மூலையிலயும் கயிறு கட்டித் தொங்க விடுற பழைய வலை. எங்க ஹவுஸ் ஓனர் செவுத்துல ஆணி அடிச்சா அட்வான்ஸ்ல கழிச்சுடுவார். அதனால மடக்கு வலைன்னு முடிவாச்சு.

இப்ப சாமானுக்கு வர்றேன். ஆறுக்கு ஆறரை, டபுள் கட்டில் சைஸ், ரெண்டு பக்கமும் ஜிப், நீலக் கலர். ஆயிரம் ரூவாக்கு உள்ளதான் ஆச்சு. வர்றப்ப வட்டமா, ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குப் பையில வரும், பையப் பிரிச்சு கட்டிப் போட்டிருக்குற நாடாவ அவுத்தீங்கன்னா தானா படார்னு விரியும். மூஞ்சிய தள்ளி வெச்சுக்கோங்க, வெளையாட்டுக்குச் சொல்லல, உள்ள இருக்குற கம்பி வளைஞ்சு இறுகிக் கெடக்குறது, விட்ட வேகத்துல கன்னத்துல அறையும். விரிச்சு கட்டில் மேல வெச்சா ஒரு நிமிஷத்துல கூடாரம் ரெடி. ஆணி வேணாம், கயிறு வேணாம். அத்தை உள்ள போய் உக்காந்து நாலு பக்கமும் தடவிப் பாத்துட்டு "துணி மெத்துனு இருக்கு, கரூர் நெட்டு கணக்கா வெறப்பா இல்லையே, தாங்குமா"ன்னு கேட்டாங்க. கேள்வி சரியான கேள்வி. கரூர்ல நெய்யுற வலை பிளாஸ்டிக் இழை, வெறப்பா சொரசொரன்னு இருக்கும், ஒழைக்கும். நாம பஸ் பாடியும் போர்வையும்தான் கரூர்னு நெனச்சிட்டிருக்கோம், மருந்து கலந்த கொசுவலைய பண்ணி ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புறாங்க அங்கேர்ந்து. இந்த மடக்கு வலை பாலியஸ்டர், ஒடம்புல பட்டா உறுத்தாது, ஆனா வளையல் மாட்டுனா இழை வந்துடும்.

மடக்குறதுதான் கஷ்டம். பெட்டியில ஒரு படம் போட்டிருக்கான், அத வெச்சு யாரும் மடக்கிட முடியாது. ரெண்டு பக்கக் கம்பியையும் ஒண்ணு சேத்துப் பிடிச்சு, ஒரு முனைய தரையில ஊனி, மேல் முனைய கீழ அமுக்கிக்கிட்டே உள்பக்கமா முறுக்கணும், எட்டு மாதிரி வரும், அந்த எட்ட ஒண்ணு மேல ஒண்ணா கவுத்தா வட்டம் ஆயிடும். பலத்துல எதுவும் நடக்காது, முறுக்குற தெசைதான் கணக்கு. வீட்டுக்காரர் முழு பலத்தையும் போட்டு ஒரு கம்பிய சொருகல்லேர்ந்து வெளிய இழுத்துட்டார், இப்பவும் அந்த மூலை லேசா கோணிக்கிட்டுத்தான் நிக்குது. எங்களுக்கு அப்புறம் ஒண்ணு தோணுச்சு, தெனம் ஏன் மடக்கணும்? காலைல அப்படியே தூக்கி கட்டிலுக்குப் பின்னாடி செவுத்துல சாய்ச்சு வெச்சுட்டாப் போச்சு. எடம் இருக்குறவங்க அதையே பண்ணுங்க.

ராத்திரி அனுபவம். மொத நாள் லைட்ட அணைச்சுட்டுப் படுத்தா வலைக்கு வெளிய சத்தம் கேக்குது. ஏமாந்துட்டோம்னு நெனச்சேன். கவனிச்சுப் பாத்தா தலகாணி வலைய ஒட்டி இருந்துருக்கு, என் மூச்சு வலைய தாண்டி வெளிய போகுது, அது அந்தப் பக்கம் வந்து வலைமேல உக்காருறதும் எந்திரிக்கிறதுமா இருக்கு, நடுவுல ஒரு துணிதான், காதுக்கும் அதுக்கும் ரெண்டு விரக்கட தூரம் இல்ல. தலகாணிய ஒரு முழம் உள்ள இழுத்துப் போட்டேன், சத்தம் நின்னு போச்சு. இது எந்தப் பெட்டியிலயும் எழுதியிருக்காது, வலை வாங்குறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது இதான், தல வலைகிட்ட வேணாம். சத்தம் மட்டும் இல்ல, காலோ கையோ வலைய ஒட்டிக்கிட்டு இருந்தா வெளியேர்ந்தே ஊசியப் போட்டு உறிஞ்சிடும். பையன் உருண்டு உருண்டு ஓரத்துக்குப் போறவன், அவன் முழங்கையில வரிசையா நாலு தடிப்பு. அதனால அவன் நடுவுல, நாங்க ரெண்டு ஓரம், ஓரமா சுருட்டுன போர்வைய அண்ட குடுத்துடுறோம்.

இதவிடப் பெரிய கொடும ஒண்ணு இருக்கு. கொசு உள்ள மாட்டிக்கிட்டா. பையன் பாத்ரூம் போகணும்னு ராத்திரி ஜிப்பத் தொறப்பான், போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ, ரெண்டு தடவைக்குள்ள ஒண்ணு நுழைஞ்சிடும். அப்புறம் அதுவும் வெளிய போக முடியாது, நாமளும் போக முடியாது, மூணு பேரோட மூச்சும் அதுக்குத்தான். ஆனா இங்கதான் வலையோட நல்ல கொணம் தெரியுது, ரூம் பூரா தேட வேணாம், ஆறடிக்குள்ளதான் எங்கயோ இருக்கும். ஃபோன் டார்ச்ச அடிச்சு மேல் மூலைங்களப் பாருங்க. குடிச்ச கொசு வயிறு கனத்துப்போய் தூரமா பறக்காது, மேல போய் தையல் ஓரத்துல உக்காந்துக்கும், வயிறு செவப்பா உப்பிட்டு தெரியும். ரெண்டு கையையும் வலைக்கு இந்தப் பக்கமே வெச்சு மெதுவா கொண்டுபோய் ஒரே தட்டு. கையில பிசுக்குனு நம்ம ரத்தமே. வலையில ஒரு கறை விழும், அது துவைச்சாலும் முழுசா போகாது. அதனாலதான் வெள்ள வாங்காதீங்கங்குறேன், ஒரு சீசன் முடிஞ்சா பாக்கச் சகிக்காது.

அடிப்பாகம் விஷயத்துல ஏமாறாதீங்க. அடியில துணி வெச்சது ஒண்ணு, அடி இல்லாம தொறந்து இருக்குறது ஒண்ணுன்னு ரெண்டு வகை விக்குது. அடி இல்லாதது வெல கம்மி, மெத்தைக்கு அடியில சொருகிக்கலாம்பாங்க, ஆனா மடக்கு வலையில கம்பி ஓரம் இருக்குறதால சொருக வராது, ஒரு பக்கம் அமுக்குனா மறுபக்கம் தூக்கும், அந்த இடுக்கு ஒண்ணு போதும். அடி வெச்சதே வாங்குங்க. கூடவே கண்ணு எண்ணிக்கையும் பாருங்க, சதுர இஞ்சுக்கு 156 ஓட்டைங்குறது கொசுவலைக்கு ஒலகம் பூரா இருக்குற கணக்கு, பாக்கெட்ல போட்டிருந்தா நல்லது, போடலன்னா துணிய ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க, இழை வெலகிக் கண்ணு பெருசாகுதுன்னா அந்தக் கடையிலயே வெச்சுட்டு வந்துடுங்க. சில கடையில பந்தலுக்குக் கட்டுற நெட்ட தச்சு கொசுவலைன்னு விக்கிறாங்க.

மருந்து கலந்த வலை வாங்கலாமான்னு அக்காவோட பொண்ணு கேட்டா. அது மலேரியா இருக்குற ஊருங்களுக்கு அரசாங்கமே குடுக்குறது, வலையில ஓட்ட இருந்தாலும் அதுல உக்காந்த கொசு சாகும், இருபது தடவ துவைச்சாலும் மூணு வருஷம் பயன்படுத்துனாலும் மருந்து நிக்கணும்னு அதுக்குக் கணக்கே இருக்கு. எங்க தேவை தூக்கம், அதுக்கு சாதா வலையே போதும், பையன் வாயில வலைய வெச்சுக் கடிக்கிற வயசு வேற.

வேக்காடு. ஒரு ஸ்டார் கொறைச்சதே இதுக்குத்தான். மேல ஓடுற ஃபேன் காத்து வலைய தாண்டி வர்றப்ப பாதிதான் வருது, வைகாசி மாசம் கரண்டு போச்சுன்னா உள்ள இருக்க முடியாது, வலைய தூக்கிப் போட்டுட்டு மொட்ட மாடிக்கு ஓட வேண்டியதுதான், அங்க வேற கொசு. நாங்க பண்ணது டேபிள் ஃபேன கால்மாட்டுல வெச்சு நேரா வலை மேல விட்டது. அதுல காத்தும் வந்துச்சு, இன்னொரு லாபமும் வந்துச்சு. கொசு பறக்குற வேகம் நாம நடக்குற வேகம்கூட கெடையாது, ஃபேன் காத்த எதுத்து வர முடியாது, நம்ம மூச்சும் ஒரு எடத்துல நிக்காம கலைஞ்சு போயிடுது, அதனால வலைய சுத்தி வட்டம் போடுறதே நின்னு போச்சு. வலை வாங்க காசு இல்லாதவங்க இத மட்டும் பண்ணிப் பாருங்க, டேபிள் ஃபேன காலுக்கு இல்ல, தலையும் நெஞ்சும் இருக்குற பக்கம் வெச்சு ஓட விடுங்க, பாதி ராத்திரி நிம்மதியா போகும். மீதி பாதி ஜலதோஷம், அது உங்க பாடு.

பகல் தூக்கத்துக்கும் இது வேலைக்கு ஆகுதுங்குறத நான் எதிர்பாக்கல. டெங்கு பரப்புற வரிவரிக் கொசு ராத்திரி ஆளு இல்ல, அது பகல்ல கடிக்கும், காலைலயும் சாயங்காலத்துக்கு முன்னாடியும் ஜாஸ்தி, அது பொறக்குறதும் சாக்கடையில இல்ல, நம்ம வீட்டு நல்ல தண்ணியில, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, மணி பிளான்ட் வெச்ச பாட்டில், மொட்ட மாடியில கெடக்குற ஒடஞ்ச பக்கெட்டு. அது பெருசா சத்தமும் போடாது, கணுக்கால்ல கடிச்சிட்டுப் போயிடும். பையன் மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து வந்து ரெண்டு மணி நேரம் தூங்குவான், அப்ப வலைக்குள்ளதான் போடுறேன். கொசுப்புழு இருக்கான்னு பாக்க வீடு வீடா வர்ற அம்மா ஒருத்தங்க இத எட்டிப் பாத்துட்டு "இது நல்லது, ஆனா அந்த டிரம்ம மூடி வை"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஜன்னலுக்கு வெல்க்ரோ வெச்சு நெட்டு அடிக்கிறவங்களையும் கூப்பிட்டு ரேட்டு கேட்டோம். சதுர அடி கணக்குல சொல்றாங்க, ரெண்டு ஜன்னலுக்கு மட்டும் பாத்தா வலை வெலைதான் வருது, ஆனா பாத்ரூம் வெண்டிலேட்டர், கிச்சன் எக்ஸாஸ்ட் ஓட்டை, பால்கனி கதவு எல்லாம் சேத்தா பத்து மடங்கு. சொந்த வீடுன்னா கண்ண மூடிட்டு பண்ணிடுவேன், வீடு பூரா நிம்மதி. வாடகை வீட்டுக்கு அடிச்சுட்டு காலி பண்றப்ப விட்டுட்டுப் போக மனசு வராது. அப்படி அடிச்சாலும் கதவு வழியா நம்மளோட சேந்து உள்ள வர்றத யாரு தடுக்குறது?

ஆக எங்க வீட்டு ஏற்பாடு இப்ப இதான், சாயங்காலம் அஞ்சரைக்கே ஜன்னல் கதவு சாத்தல், ஹால்ல பேட்டு, ராத்திரி வலையும் டேபிள் ஃபேனும், லிக்விட் எப்பயாவது விருந்தாளி ஹால்ல படுத்தா. அத்தை ஊருக்குக் கெளம்புறப்ப இதே வலையில சிங்கிள் சைஸ் ஒண்ணு வாங்கிட்டுத்தான் போனாங்க, ஆணி வலையெல்லாம் இனிமே யாரு கட்டுறதுன்னு சொல்லி. எனக்கு அதுல ஒரு சின்ன சந்தோஷம்.

கடைசியா ஜிப்பு. இந்த வலையில மொதல்ல போறது ஜிப்புதான், எல்லா பிராண்டுலயும் அப்படித்தான்னு அக்கம்பக்கத்துல வாங்குனவங்களும் சொல்றாங்க. ஜிப் இழுக்குறப்ப வலைத்துணி உள்ள மாட்டிக்கும், இருட்டுல வெடுக்குனு இழுத்தா ரன்னர் ஒரு பக்கம் கழண்டுடும், அப்புறம் பல்லு மூடுன மாதிரி தெரியும், பின்னாடியே தொறந்துட்டே வரும். கடைக்காரர்ட்ட எடுத்துட்டுப் போனா வாரண்டி இல்ல, புதுசு வாங்கிக்கோங்கம்பார். வாங்காதீங்க. பையி, ஷூ தைக்கிறவர் தெருமுனையில உக்காந்திருப்பார்ல, அவர்ட்ட குடுங்க, ரன்னர் மட்டும் மாத்தி முனையில ரெண்டு தையலும் போட்டுக் குடுத்துடுவார், எங்க ஏரியாவுல நாப்பது ரூவா வாங்குனார். பெரிய சைஸ் ரன்னரா போடச் சொல்லுங்க.